குடும்ப வரலாறு எழுதுவது எப்படி? எட்டு ஊர்களிலிருந்து தொடங்குங்கள்

பூர்வீகம் எது என்று கேட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் ஊரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இனிஷியல், குலதெய்வம், பட்டா, பங்காளி எல்லாமே அந்த ஒரு வழியில் வருவதால் அப்படிப் பழகிவிட்டது. ஆனால் நாம் எப்படிச் சமைக்கிறோம், எதற்குக் கோபப்படுகிறோம், கடன் என்றால் ஏன் பதறுகிறோம் என்று பார்க்கப் போனால், அதில் பெரும்பங்கு வேறு ஊர்களிலிருந்து வாழ வந்த பெண்கள் கொண்டுவந்தது. அவர்கள் பெயர் பத்திரத்தில் அபூர்வமாகத்தான் இருக்கும். கோயில் வரி நோட்டில் இருக்கவே இருக்காது. அப்பா வழியை மட்டும் எழுதிய குடும்ப வரலாறு பாதி வரலாறுகூட ஆகாது. விடுபட்ட பக்கத்தையும் சேர்த்து எப்படித் தேடுவது, கிடைத்ததை வைத்து நம்மை நாமே எப்படிப் புரிந்துகொள்வது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் எட்டுப் பெயர்

ஒரு முழு சார்ட் அட்டை, பென்சில், அழிரப்பர் போதும். பேனா வேண்டாம், முதல் சில மாதங்களுக்கு எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். அட்டையின் அடியில் உங்கள் பெயர். அதற்கு மேல் அப்பா, அம்மா. அதற்கு மேல் தாத்தா பாட்டிகள் நால்வர். அதற்கும் மேல் அந்த நால்வரைப் பெற்ற எட்டுப் பேர். இவர்கள் பிறந்த ஊர்கள்தான் தலைப்பில் சொன்ன எட்டு ஊர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு விவரம் எழுத இடம் விடுங்கள்: எழுத்தில் உள்ள பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், பிறந்த வீட்டுக் குலதெய்வம்.

தெரிந்ததை நிரப்பிப் பாருங்கள். அப்பாவின் அப்பாவுடைய அப்பா பெயர் பெரும்பாலும் தெரிந்திருக்கும். அம்மாவின் அம்மாவுடைய அம்மா பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. காலியாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

இங்கே இரண்டு சிக்கல் வரும். ஒன்று, பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் நான்கு கருப்பையா, மூன்று மீனாட்சி இருப்பார்கள். அண்ணன் தம்பிகள் தங்கள் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்திருந்தால் ஒரே காலத்தில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். இருவருக்கும் தாத்தாவும் ஒருவரே. ஆகவே பெயரோடு ஒரு எண்ணும் கொடுத்துவிடுங்கள்: கருப்பையா 1, கருப்பையா 2. "மேலவீடு", "மச்சுவீடு", "சுருட்டுக்காரர்" என்று ஊரில் வழங்கும் வீட்டுப்பெயரையும் பட்டப்பெயரையும் கட்டாயம் குறியுங்கள். பத்திரத்தில் உதவாது, பெரியவர்களிடம் பேசும்போது அதுதான் உதவும்.

இன்னொன்று, சொந்தத்தில் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் உங்களுக்கு எட்டுக்குப் பதில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அக்கா மகளைக் கட்டியிருந்தால் அப்பாவைப் பெற்றவர்களே அம்மா வழியில் ஒரு தலைமுறை மேலேயும் வருவார்கள். ஒருவரை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஒரே இடத்தில் எழுதி, அங்கிருந்து நீளக் கோடு இழுத்து, சொந்தக் கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போடுங்கள். கணினியில் செய்ய நினைத்தால் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் இம்மாதிரி சுற்றி வரும் உறவுகளைப் புரிந்துகொள்ள அட்டையும் பென்சிலும்தான் வசதி.

பெரியவர்களிடம் கேட்பது

பத்திரங்களிலிருந்து தொடங்காதீர்கள். வெளியூரில் இருக்கும் பேரன் திடீரென்று வந்து "பழைய பத்திரம் இருக்கா?" என்று கேட்டால், சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஒருமுறை அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் பேச்சு, பிறகு பொருட்கள், கடைசியில்தான் காகிதம்.

யாரிடம் முதலில் போவது? வயதில் மூத்தவரிடம் என்பதைவிட, நினைவு மங்கத் தொடங்கியிருப்பவரிடம் முதலில் போங்கள். திருமணமாகாமல் வீட்டிலேயே இருந்த பெரியம்மா, சின்ன வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அத்தை போன்றவர்கள் வீட்டைக் கூர்ந்து பார்த்தவர்கள். அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலைப் பலகாரம், காபி முடிந்த நேரம் நல்லது. ஒரு அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி போலப் பதிவாகும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதன் நேர்கீழே உட்காராதீர்கள். ஒரு நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். "பதிவு பண்ணலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதிப்பதையும் பதிவிலேயே வையுங்கள்.

"உங்க கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வளர்ந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "அப்பத்தா, நீங்க பொறந்த வீட்டுக்குள்ள எந்தப் பக்கமா நுழையணும்? அடுப்படி எங்க இருந்துச்சு? தண்ணி எங்கேர்ந்து வரும்? ராத்திரி யார் யார் எங்க படுப்பீங்க?" என்று கேளுங்கள். வரைய மறுத்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். யார் எங்கே படுத்தார்கள் என்ற ஒரு கேள்விக்கே பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டோடு இருந்த விதவைச் சித்தி, சின்ன வயதில் தவறிய தம்பி எல்லாம் வந்துவிடும். குழந்தையிலேயே இறந்தவர்களை யாரும் தாமாகச் சொல்வதில்லை. "உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல யாராவது பொறந்து தவறிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும்.

அடுத்து வேலை: முதலில் யார் எழுவார்கள், யார் கடைசியில் சாப்பிடுவார்கள், காசு யார் கையில், சாவி யார் இடுப்பில். பிறகு போக்குவரத்து: கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுக்கு எத்தனை முறை போனார்கள், யார் வந்து கூட்டிப் போனது, வண்டியா, ரயிலா, நடையா. மூன்றாவதாகத்தான் பெயர்களும் உறவுகளும். "மாமா" என்று அவர் சொன்னால் அம்மாவின் தம்பியா, அத்தை புருஷனா, மாமனாரா என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்கும்போது புரியாது.

ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பெண்கள் பேசுவது குறைந்துவிடும். தாத்தாவே பாட்டிக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். இருவரிடமும் தனித்தனியாக ஒருமுறை, பிறகு சேர்த்து ஒருமுறை பேசுங்கள். அக்கா தங்கைகளை ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வார்கள். மிகத் துல்லியமான தகவல்கள் அந்தச் சச்சரவில்தான் கிடைக்கும்.

அன்றே, தூங்கப் போகுமுன், ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள். கோப்புக்கு "2025-05-11 அம்மாச்சி 2" என்று தேதியும் பெயரும் அமர்வு எண்ணும் வைத்து, செல்போன் தவிர வேறு இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.

வருஷம் கண்டுபிடிப்பது

பெரியவர்களுக்குத் தேதி நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். "தனுஷ்கோடி புயலப்ப இவன் வயித்துல" என்றால் 1964 டிசம்பர். "நயா பைசா வந்த புதுசு" என்றால் 1957 ஏப்ரலை ஒட்டி. "அண்ணா செத்தப்ப நான் வயசுக்கு வந்துட்டேன்" என்றால் 1969 பிப்ரவரிக்கு முன்பு. காவிரிக் கரைக் குடும்பங்களில் 1924 வெள்ளமும், நாகைப் பக்கம் 1952, 1977 புயல்களும், சென்னைக் குடும்பங்களில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்த 1942ம் பேச்சில் வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் 1876-78 பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று, நான்கைந்து தலைமுறை தாண்டியும் சில வீடுகளில் பேசப்படுகிறது. உங்கள் மாவட்டத்துக்கு ஏற்ற சம்பவப் பட்டியல் ஒன்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய ஜாதகங்களிலும் பத்திரங்களிலும் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். முதல் வருஷமான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் போதும். ரௌத்திரி 54ஆவது வருஷம். ஆகவே அது 1920 சித்திரையில் தொடங்கியதாகவோ 1980இல் தொடங்கியதாகவோ இருக்கும். எதுவென்று தலைமுறையே சொல்லிவிடும். இங்கே அடிக்கடி நேரும் தவறு: தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதை மறந்துவிடுவது. 1920இல் தொடங்கிய ரௌத்திரியின் மாசி என்றால் 1921. மார்கழி இரண்டு ஆண்டிலும் பாதிப் பாதி விழும்.

கன்னியாகுமரி, நெல்லைப் பகுதிக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும். அதோடு 825ஐக் கூட்டுங்கள். ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதிவரை என்றால் 824. கொல்லம் 1100 என்பது 1924-25.

பிறந்த நட்சத்திரமும் தமிழ் மாதமும் வருஷமும் தெரிந்தால் தேதியையே பிடித்துவிடலாம். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை வருவதால் மாதத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் பொருந்தும். பழைய பஞ்சாங்கத்தில் பார்த்து, "வெள்ளிக்கிழமை பொறந்தா" என்பது போன்ற கிழமை நினைவோடு ஒத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்க வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குக் கடைசிவரை பிறந்தநாளாக நின்றுவிட்டது. மே, ஜூன் தேதி இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

பரணில் இருப்பவை

பெண்களின் பெயரைத் தேட மிகச் சிறந்த இடம் பாத்திரம். சீராக வந்த பித்தளைக் குடம், அண்டா, தவலை, வெண்கலப் பானை ஆகியவற்றின் கழுத்துப் பகுதியிலோ விளிம்பிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருக்கும். பாத்திரத்தை உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளையோ அரிசி மாவையோ விரலால் தடவி, மேலே ஒட்டியதைத் துணியால் லேசாகத் துடைத்தெடுங்கள். குழிக்குள் வெள்ளை நிற்கும், எழுத்து தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். இனிஷியலைக் கவனியுங்கள். கணவர் இனிஷியல் இல்லாமல் வேறு எழுத்து இருந்தால் அது பிறந்த வீட்டுச் சீர். அந்த எழுத்து கொள்ளுத்தாத்தா ஒருவரின் பெயருக்குச் சாவி. தேதியோ வருஷமோ இருந்தால் அது பெரும்பாலும் கல்யாண வருஷம். பழைய பாத்திரம் போட்டுப் புதிது வாங்கும் வழக்கம் இருப்பதால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இவை வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

அடுத்தது மொய் நோட்டு. ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு அந்தக் காலத்து உறவு வரைபடம். ஊர், பெயர், தொகை வரிசையாக இருக்கும். பல ஊர்களில் தாய்மாமன் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். ஊர் வாரியாகப் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். எட்டு ஊர்களில் உங்களுக்குத் தெரியாமல் இருப்பவை பெரும்பாலும் இங்கே வந்துவிடும். தொகை பெரிதாக இருந்து, இன்று யாரும் பேசாத பெயர் ஒன்று இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறவு முறிந்த இடமாக இருக்கலாம்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகியவற்றில் தாத்தாக்கள் பெயரும் பேரன் பேத்திகள் பட்டியலும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதி உறுதி. புகைப்படங்களின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், ஊர் தெரிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யக் கூடாது. செலோடேப் ஒட்டக் கூடாது. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி மையையே தின்றுவிடும். மடிப்பை மெல்ல விரித்து, சமமான இடத்தில் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, உரியவர் கண்ணெதிரிலேயே திருப்பிக் கொடுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் அதை வாங்கியவர் பெயரும் தேதியும் இருக்கும். பலரும் அதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

பத்திரங்களும் பதிவேடுகளும்

வம்சாவளிக்கு மிகவும் பயனுள்ளது பாகப்பிரிவினைப் பத்திரம். பங்காளிகள் எல்லோரும் தகப்பன் பெயரோடு, ஊரோடு, சில சமயம் தாத்தா பெயரோடும் ஒரே இடத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" (முன்னோர் வழியில் உரிமையான) என்று வரும் பத்தியை வரி வரியாகப் படியுங்கள். சொத்து வந்த வழி முழுவதும் அங்கே இருக்கும். கிரயப் பத்திரமாக இருந்தால் முந்தைய பத்திரத்தின் எண்ணும் வருஷமும் கொடுத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மூலமான தாய்ப்பத்திரம்வரை போகலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மீது நடந்த பதிவுகளின் பட்டியல்) பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சர்வே எண்ணோடு நேரில் மனுப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் மகள்கள் பெயர் இல்லை என்பதால் அந்தத் தலைமுறையில் பெண்களே பிறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே குடும்பத்தின் உயில், தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களை (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) தேடுங்கள். மகளுக்கு மஞ்சக்காணியாக (சீதனமாக) எழுதிக் கொடுத்த நிலம் அங்கே தட்டுப்படும்.

பட்டாவில் இருக்கும் பெயரை வேதவாக்காக எடுக்காதீர்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவில் எழுத்துப்பிழையும் பெயர் மாற்றமும் ஏராளம். முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை (நிலவரித் திட்டப் பதிவேடு) வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ நகல் கேட்டு ஒப்பிடுங்கள். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. கைமாறும்போது பல கிராமக் கணக்குகள் காணாமல் போயின. கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாமல் மேலே கேளுங்கள். அரசு ஆவணங்களின் மூலம் தேடுபவர்களுக்குச் சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் தனிக் குடும்பத் தேடலுக்கு அது கடைசிப் படி.

வாக்காளர் பட்டியலைக் குறைவாக எடைபோடாதீர்கள். கதவு எண் வாரியாக, வயதோடு, தந்தை அல்லது கணவர் பெயரோடு ஒரு வீட்டில் இருந்த வயதுவந்தோர் அத்தனை பேரும் இருப்பார்கள், பெண்களும் சமமாக. வயது மட்டும் தோராயம்தான்.

நிலமே தரப்படாத குடும்பங்களுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வழி முதல் படியிலேயே அடைபடும். அங்கே பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயப் பதிவேடு, மில், ரயில்வே, நகராட்சிப் பணிப் பதிவேடு, ரேஷன் அட்டை ஆகியவைதான் சான்று. 1892க்குப் பிறகு தலித் மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் குடும்பத்துக்கு இருந்ததாகப் பேச்சு இருந்தால் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை அவசியம் பாருங்கள். அந்த நிலம் யார் கைக்குப் போனது என்பதும் உங்கள் குடும்ப வரலாறுதான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடு உண்டு. தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். மதம் மாறிய தலைமுறையில் பழைய பெயரும் எழுதியிருக்கிறதா பாருங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு). நகரத்தார் என்றால் ஒன்பது கோயில்களில் உங்கள் கோயிலில் பதிந்த திருமணப் புள்ளிகளும் (குடும்பக் கணக்கு), வீட்டில் இருக்கும் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானமும். மற்றவர்களுக்குக் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு ஒன்றாக வசூலிப்பது) நோட்டு. மாசி சிவராத்திரிக்கோ, தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்துக்கோ போகும்போது பூசாரியிடமும் வரி வசூலிப்பவரிடமும் பேசி, பழைய நோட்டுகளைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். அம்மா, பாட்டிகளின் பிறந்த வீட்டுச் சாமிகளையும் அதே போலத் தேடிப் போய்ப் பாருங்கள். அந்தக் கோயிலில் கூடுபவர்களில் பாதிப்பேர் உங்களுக்கு மாமன் மச்சான் முறைதான்.

கடல் கடந்து போன குடும்பமானால் காகிதம் அங்கேதான் அதிகம். 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, மாவட்டம், கிராமம் எல்லாம் அதில் இருக்கும். ஊர்ப்பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் உரக்கப் படித்துப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். மொரீஷியஸ் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1964 அக்டோபர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் தெரிந்தால்தான் இலங்கையில் பிறப்புப் பதிவைத் தேட முடியும்.

நம்பக் கூடாதவை, அவசரப்படக் கூடாதவை

"நாங்க ராஜாகிட்ட தளபதியா இருந்தவங்க" என்ற கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. எழுதுங்கள், ஆனால் கேட்டது என்றே எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டதற்கு "கே", கண்ணால் ஆவணத்தில் பார்த்ததற்கு "பா", உங்கள் ஊகத்துக்கு "ஊ". ஒரே கதையை மூன்று பேர் சொன்னாலும் மூவரும் ஒருவரிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான்.

இரண்டாம் தாரம், தற்கொலை, வீட்டைவிட்டு ஓடியவர், சாதி தாண்டிய கல்யாணம், திருப்பிக் கொடுக்காத கடன் எல்லாம் வரும். அழுத்திக் கேட்காதீர்கள். "இதை எழுதலாமா, எழுத வேண்டாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதி உண்மை ஒன்றைப் போட்டுவிட்டு வரும் சண்டையில் மொத்த வேலையும் நின்றுபோகும்.

ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள். நிலம் இருந்த குடும்பமானால் அதில் உழுதது யார், அவர்கள் வீட்டுக்குள் எதுவரை வந்தார்கள், எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டார்கள்? உழைத்த குடும்பமானால் யார் நிலத்தில், என்ன கூலிக்கு? இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அது வேரும் விழுதும் அல்ல, வெறும் பெருமைப் பட்டியல்.

மூன்று பத்தி நோட்டு

தகவல் சேர்த்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அட்டை நிறைந்துவிடும், தன்னைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்கு ஒரு தனி நோட்டு வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: நான் செய்வது; யாரிடம் பார்த்தது; அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது.

முதல் பத்தியை இரண்டு வாரத்தில் 20 வரி நிரப்புங்கள். உட்கார்ந்து யோசித்து எழுதினால் நல்ல குணங்களாகவே வரும். நடக்கும்போது பிடியுங்கள். ஓட்டலில் விலைப்பட்டியலை வலதுபக்கத்திலிருந்து படிக்கிறேன். விருந்தாளி போனபிறகு அவரைக் குறை சொல்கிறேன். சம்பளத்தை யாரிடமும் சொல்வதில்லை. கோபம் வந்தால் மூன்று நாள் பேசுவதில்லை. அரிசி டப்பா பாதிக்குக் கீழே போனால் நிம்மதி போய்விடுகிறது. வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்களையும் சேருங்கள்: "நாலு பேர் என்ன சொல்வாங்க", "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு", "கடன் வாங்காத, கடன் கொடுக்காத".

இரண்டாம் பத்தியில் அப்பா, அம்மா என்று உடனே எழுதிவிடாமல் அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஒரு படி மேலே போங்கள். மூன்று நாள் பேசாமல் இருப்பது அம்மாவிடம் பார்த்தது. அம்மாவோ பத்துப் பேர் கூட்டுக்குடும்பத்தில் வாழ வந்தவர். அங்கே எதிர்த்துப் பேச வழியில்லாத மருமகளுக்குப் பேசாமல் இருப்பது ஒன்றுதான் கையில் இருந்த ஆயுதம். அரிசிப் பயம் பாட்டியுடையது. 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டில் பிள்ளைகளோடு ரேஷன் வரிசையில் நின்றவர் அவர். "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" 1967 தேர்தலில் அவ்வளவு பெரிய வாக்குறுதியாக இருந்ததற்குக் காரணமே அந்த வரிசைகள்தான்.

மூன்றாம் பத்திதான் கடினம். முன்பு பதிந்த பேச்சுகளைத் திரும்பக் கேட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். ஊகமானால் "ஊ" போடுங்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு, இன்று படித்த மனோதத்துவச் சொற்களைத் தாத்தா தலையில் கட்டுவது. அவர் வாழ்ந்த நிலைமை என்ன, கையில் இருந்த வழிகள் என்ன என்று மட்டும் எழுதுங்கள்.

அண்ணனையோ தங்கையையோ தனியாக இதே நோட்டை எழுதச் சொல்லி, பிறகு ஒப்பிடுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தும் பட்டியல்கள் வேறாக இருக்கும். வேறாக இருக்கும் வரிகளில் மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்று வீடு எப்படி வேறு வேறாக நடத்தியது என்பது தெரியும். பெற்றவர்கள் இல்லாமல் வேறொருவர் வளர்த்திருந்தால் அட்டையில் அவருக்குப் புள்ளிக்கோடு போட்டு ஒரு கட்டம் கொடுங்கள். இந்த நோட்டில் அவர்தான் பெரும்பாலான வரிகளில் வருவார்.

20 வரியும் நிரம்பியபின் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அடையாளம்: வைத்துக்கொள்வது, விடுவது, இன்னும் முடிவாகாதது. தேவை முடிந்த பிறகும் தொடரும் பழக்கங்கள் உடனே கண்ணில் படும். மாதச் சம்பளமும் காப்பீடும் இருக்கும் வீட்டில் அரிசிப் பயம் இனி தேவையில்லை. ஆனால் வந்தவருக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பாத பழக்கம் அதே பாட்டியிடமிருந்து வந்ததுதான். அதை விட்டுவிட வேண்டியதில்லை. எழுத எழுத மனம் மிகவும் கலங்கினால், தூக்கம் கெட்டால், நோட்டை மூடிவைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள்.

எழுதி அச்சிடுவது

16 முதல் 24 பக்கச் சிறு நூல் போதும். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு அரைப் பக்கம் என்று ஆகிவிடாமல் பாருங்கள். தகவல் இல்லாத பெண்ணுக்கு அவர் பிறந்த ஊர், சாமி, பாத்திரத்தில் இருந்த எழுத்தின் படம், அவர் செய்த ஒரு குழம்பின் செய்முறை ஆகியவற்றை வைத்தே பக்கத்தை நிரப்பலாம். நடுவில் மடிப்புத் தாளாக வம்சாவளி. "கே, பா, ஊ" குறிகளை அச்சிலும் விடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, முகவரி, சர்வே எண் எதுவும் வேண்டாம். வருஷம் மட்டும் போதும்.

முதலில் பத்து நகல் மட்டும், நிறைய ஓரம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்துக் கல்யாணத்திலோ சாமி கும்பிடுக்கோ கொடுத்து, பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். திருத்தங்கள் ஓரத்தில் வந்து குவியும். யார் திருத்தியது என்று பெயரும் எழுதச் சொல்லுங்கள். அவற்றைச் சேர்த்தபின் இறுதிப் பதிப்பு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிரதி, அம்மா வழியிலும் பாட்டிகள் வழியிலும் தலைக்கு ஒன்று, தமிழ் படிக்கத் தெரிந்த இளையவர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ஒலிப்பதிவுகளின் நகலும் அதே ஆட்களிடம் ஒரு பென்டிரைவில் இருக்க வேண்டும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதிய பென்டிரைவுக்கு மாற்றுங்கள்.